படையலுக்கு ஒரு ஒயின்

அறை வெப்பநிலையில் பரிமாறவும் என்று பாட்டிலின் முதுகில் அச்சடித்திருக்கிறான். எந்த ஊர் அறை, எந்த மாதத்து வெப்பம் என்று மட்டும் போடவில்லை. சித்திரை மாதத்தில், புதுச்சேரியில், மத்தியான வெயிலில் அறை வெப்பநிலையில் சிவப்பு ஒயினைக் குடித்தால் அது ஒயின் இல்லை, ஆறிக்கொண்டிருக்கும் ரசம். கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வை, அப்புறம் எடு, அப்புறம் பேசு என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது, ஆனாலும் பாட்டிலைப் பார்த்ததும் வாய் தானாக அதைத்தான் முணுமுணுக்கிறது, கேட்க ஆள் இல்லாத கடையில். ஏசி ஓடுகிறது என்று பெயர், சத்தம் மட்டும்தான் வருகிறது. முட்டி வலிக்கிறது. உட்கார ஒரு ஸ்டூல் போட்டால் குறைந்தா போய்விடுவார்கள், குடிக்க வருகிறவனை நிற்க வைத்தே அனுப்ப வேண்டும் என்று ஏதாவது சட்டம் இருக்கிறதோ என்னமோ. இடது பக்கம் நாசிக், நடுவில் சிலியும் ஆஸ்திரேலியாவும், வலது கோடியில் நான் என்றைக்கும் திரும்பிப் பார்க்காத பிரெஞ்சுக்காரர்கள், அவற்றை வாங்க வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வரவேண்டும். என் ராஜ்ஜியம் நடுத்தட்டு. கீழ்த்தட்டு தலைவலி, மேல்தட்டு பகட்டு, மனுஷன் குடிக்கிற ஒயின் நடுத்தட்டில்தான் இருக்கிறது, இதுவும் நான் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம்தான். இந்தத் தட்டில் இருக்கிற ஒவ்வொன்றையும் நான் குடித்திருக்கிறேன், சபாநாயகமும் குடித்திருக்கிறான், என் வீட்டு மாடி அறையில், சனிக்கிழமை சாயந்தரங்களில், எதிரெதிரே உட்கார்ந்து. இன்றைக்கு அவனுடைய முப்பதாம் நாள். சாயந்தரம் படையல். காலையில் சபாவின் மனைவி மங்கையர்க்கரசி போன் பண்ணினாள். "அண்ணா, எல்லாம் அவருக்குப் புடிச்சதாவே வைக்கிறோம். சுறாப்புட்டு, எறா தொக்கு, வடை, ஜாங்கிரி எல்லாம் ஆச்சு. அந்த ஒயின் மட்டும் நீங்க வாங்கிட்டு வந்துடுங்க. எது புடிக்கும்னு எங்க யாருக்கும் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்" என்றாள். நான் யோசிக்கவே இல்லை. "அதை என்கிட்ட விட்டுடும்மா" என்றேன், பெரிய மனுஷன் மாதிரி. குளித்து, சாப்பிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வந்து இந்தத் தட்டுக்கு முன்னால் நின்ற பிறகுதான் தெரிந்தது, எனக்கும் தெரியாது என்று.

தெரியாமல் எப்படி இருக்கும், யோசி. மெர்லோவில் ஆரம்பி. நடுவில் பச்சை லேபிளோடு நிற்கிறதே, சிலி மெர்லோ, அது சர்க்கார் ஆபீஸ் ஹெட்கிளார்க் மாதிரி, நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது, முதல் மடக்கிலிருந்து கடைசி மடக்கு வரை ஒரே முகம், இதை நான் சொன்னபோது சபா என்ன சொன்னான்? "ம்" என்றான். நாசிக் ஷிராஸ், மூக்கில் மிளகு ஏறும், மட்டன் சுக்காவோடு வைத்தால் ஒன்றையொன்று தூக்கிவிடும், தனியாகக் குடித்தால் தொண்டையை உரசும், இந்த விலைக்கு இதைவிட நேர்மையான ஒயின் கிடையாது என்று மேசையைத் தட்டிச் சொன்னேன். சபா? "சரிதான்." லேபிளில் கோட்டைப் படம் போட்ட ஒயினை நம்பாதே, கோட்டை எவ்வளவு பெரிசோ ஒயின் அவ்வளவு தண்ணி என்றபோது சிரித்தான், அது பேச்சுக்குச் சிரித்தது, ஒயினுக்கு இல்லை. கார்க் வைத்த பாட்டில்தான் ஒஸ்தி என்பவன் முட்டாள், நம் வெயிலுக்குக் கார்க் காய்ந்து சுருங்கிவிடும், திருகுமூடிதான் சரி என்றேன், "அப்படியா" என்றான். ஆஸ்திரேலியா கேபர்னேயில் இருமல் மருந்து வாசனை வருகிறது என்றேன், எனக்குத் தெரியாத இருமல் மருந்தா, மருந்துக் கம்பெனி ரெப்பாகப் பையைத் தூக்கிக்கொண்டு கடலூர், விழுப்புரம், திண்டிவனம் என்று டாக்டர் டாக்டராக ஏறி இறங்கினவன், அதற்கும் "அப்படியா"தான். ம், அப்படியா, சரிதான், நீ சொன்னா சரி. இவ்வளவுதான். மீதிக்குத் தலையை ஆட்டுவான். தலையாட்டலைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. மாத்திரையின் பெருமையை நான் மூச்சுவிடாமல் சொல்வேன், டாக்டர் அடுத்த நோயாளியின் ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவார், வெளியே வந்து மேனேஜருக்கு டாக்டர் ஒத்துக்கொண்டார் என்று போன் பண்ணுவேன், மாசக் கடைசியில் விசாரித்தால் ஒரு அட்டைகூட எழுதியிருக்க மாட்டார். தலையாட்டினால் சம்மதம் என்று நம்பாதே என்று புதிதாகச் சேர்கிற ரெப்புகளுக்கு நான்தான் பாடம் எடுத்தேன். எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து, என் எதிரில் ஒருத்தன் தலையாட்டினால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த கிளாஸை ஊற்றினேன்.

"என்ன சார், இன்னிக்கு இவ்ளோ நேரம்?" அந்துவான் வந்து நிற்கிறான். இந்தக் கடையில் ஒயின் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவன், பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கின குடும்பம், அதனால் பெயர்களை என்னைவிட அழகாக உச்சரிப்பான், ஆனால் பீரைத் தவிர எதையும் தொடமாட்டான். "எப்பவும் வந்ததும் எடுப்பீங்க. எடுத்துட்டு எனக்கு கிளாஸ் வேற நடத்துவீங்க." பாத்துக்கிட்டிருக்கேன்பா என்கிறேன். "வீட்டுக்கா, கிஃப்ட்டா?" இதற்கு என்ன சொல்வது, கிஃப்ட்டுதான், வாங்கிக்கொள்ள ஆள் வருகிறானா என்பதுதான் தெரியாது. ஒரு ஃப்ரெண்டுக்கு என்கிறேன். "அவருக்கு என்ன சார் புடிக்கும், ரெட்டா வொய்ட்டா?" பார், கடைக்காரன் வாயிலிருந்து முதல் கேள்வியாக வருகிறது, எவ்வளவு சாதாரணமான கேள்வி, மாசச் சம்பளத்துக்கு நிற்கிற மனுஷன் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் கேட்கிறது, நான் கேட்டதே இல்லை. "உங்ககூட வருவாரே, ஒல்லியா, வெள்ளை சட்டை போட்டுக்கிட்டு, அவருக்கா?" ஆமா என்கிறேன். "அவரு உள்ளயே வரமாட்டாரே சார். வாசல்லயே நின்னு எதிர்க்கடை போர்டைப் பாத்துக்கிட்டு இருப்பாரு. நான் ஒருதடவை உள்ள வாங்கன்னு கூப்பிட்டேன், பரவால்ல, அவரு எடுத்துட்டு வருவாருன்னாரு." செத்துப்போய்விட்டான் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை, சொன்னால் அவன் ஐயோ என்பான், எப்ப சார், எப்படி சார் என்பான், மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தான், எழுந்திருக்கவில்லை என்று மறுபடியும் ஒப்பிக்க வேண்டும், இந்த மாசம் முழுக்க ஒப்பித்துத் தொண்டை வற்றிவிட்டது. சரி பாருங்க சார் என்று அந்துவான் நகர்ந்துவிட்டான். வாசலில் நின்றானாம். உள்ளே வரப் பிடிக்காமலா? ஒயின் கடைக்குள் நிற்கிற ஓவிய வாத்தியாரை யாராவது பழைய மாணவன் பார்த்துவிடுவான் என்றா? அவன் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், ஊரில் பாதிப்பேருக்கு மாம்பழம் வரையச் சொல்லிக்கொடுத்தவன். வெட்கமா, வெறுப்பா, இல்லை சும்மா காற்றாட நின்றானா, இதையும் நான் கேட்கவில்லை. எதிர்க்கடை போர்டில் அப்படி என்ன இருக்கிறது என்று கண்ணாடிக் கதவு வழியாக இப்போது பார்க்கிறேன், ஒரு கண்ணாஸ்பத்திரி, நீலத்தில் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒருதடவை சொல்லியிருக்கிறான். இருக்கிறது, ஞாபகம் வருகிறது, ஆரம்பத்தில், நாங்கள் இருவரும் ஓய்வு பெற்று, கடற்கரையில் நடக்கும்போது ஒருவரையொருவர் அடையாளம் கண்டு, டேய் நீ அந்தப் பள்ளிக்கூடத்துச் சபாதானே என்று நான் கத்தி, அதற்கப்புறம் வந்த மாசங்களில் ஏதோ ஒன்று. வெள்ளை ஒயின், ஷெனின் ப்ளாங், என் மனைவி கோமதி வஞ்சிரம் வறுத்துக் கொடுத்திருந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டுச் சபா சொன்னான், "லேசா புளிக்குதோ?" நான் விட்டேனா. அது புளிப்பு இல்லடா, அமிலம், அமிலம் இல்லாத ஒயின் எலும்பு இல்லாத மனுஷன், நிமிர்ந்து நிற்காது, எலுமிச்சம்பழம் பிழியாமல் மீன் தின்பாயா நீ, அது மாதிரிதான் இது, நாக்கின் ஓரத்தில் எச்சில் ஊறுகிறதா இல்லையா, அதுதான் அடையாளம் என்று மீன் ஆறுகிற வரை பேசினேன். அவன் பொறுமையாக முள்ளை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டே கேட்டான். அதற்கப்புறம் அவன் ருசியைப் பற்றி வாயைத் திறந்த ஞாபகம் இல்லை. ஆனால் புளிக்குதோ என்றது புகாரா? இருக்காது என்றுதான் இப்போது தோன்றுகிறது. அவன் புளிக்குழம்பை வழித்துத் தின்கிறவன், பள்ளிக்கூடத்தில் டவுசர் பையில் நெல்லிக்காய் வைத்திருந்தவன், அவன் புளிக்குதோ என்றது பாராட்டாகக்கூட இருக்கலாம், சந்தோஷமாகச் சொல்லியிருக்கலாம், அட லேசா புளிக்குதே என்று. அப்படியானால் ஷெனின் ப்ளாங்கை எடு, அதோ இருக்கிறது, இரண்டாவது வரிசை, எடுத்து பில் போட்டுவிட்டுக் கிளம்பு. கை போகிறது. ஒருவேளை புகாராக இருந்தால்? செத்தவனுக்குப் படைக்கிற முதல் மாசத்துப் படையலில், அவன் ஆயுசில் ஒரே ஒருமுறை வேண்டாம் என்று சொன்ன ஒன்றைக் கொண்டுபோய் வைப்பேனா? கையை இழுத்துக்கொண்டேன். அந்தச் சனிக்கிழமை அவன் முகம் எப்படி இருந்தது, அதை நினைவுக்குக் கொண்டுவந்தால் போதும், ஆனால் எனக்கு ஞாபகம் வருவது மீனும், கிளாஸும், என் குரலும்தான். பேசுகிறவன் முகத்தைப் பார்ப்பதில்லை. இவ்வளவு வயசுக்கு மேல் இதைத் தெரிந்துகொண்டு என்ன பண்ணப் போகிறேன்.

கோமதிக்குப் போன் போட்டேன். ஒயின் பேச்சை எடுத்தாலே டிவி சத்தத்தைக் கூட்டுகிறவள், அவளிடம் கேட்பது என்பதே எனக்கு மானக்கேடு. "சபாவுக்கு எந்த ஒயின் புடிக்கும்னு உனக்கு ஏதாவது தெரியுமா?" "என்னைக் கேக்கறீங்க?" என்றாள். சும்மா கேட்டேன் என்றேன். "ஒயின் எனக்கு என்ன தெரியும். வெங்காய பகோடா புடிக்கும் அவருக்கு. முறுகலா இருக்கக் கூடாது, கொஞ்சம் மெத்துன்னு இருக்கணும். சோம்பு போடக் கூடாது." உனக்கு எப்படித் தெரியும் என்றேன். "கேட்டேன், சொன்னாரு" என்றாள். அவ்வளவுதான், கேட்டாளாம், சொன்னானாம். தட்டைக் கொண்டுவந்து வைக்க மாடி ஏறுவாள், வைப்பாள், இறங்குவாள், அந்த இடைவெளியில் ஒருநாள் எப்படி இருக்குண்ணா என்று கேட்டிருப்பாள், அவன் மெதுவாகச் சொல்லியிருப்பான், அப்போது நான் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்திருப்பேன், இல்லை கிளாஸைத் துடைத்துக்கொண்டிருந்திருப்பேன், கிளாஸைச் சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது, வாசனை ஒட்டிக்கொள்ளும், வெந்நீர்தான் சரி என்று அதற்கும் எனக்கு ஒரு கொள்கை இருந்தது. பகோடா செஞ்சு வச்சிருக்கேன், எடுத்துட்டுப் போங்க படையலுக்கு என்று கோமதி சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அப்புறம் பொறாமை என்று தெரிந்தது. அவளிடம் சபாவின் ஒரு துண்டு இருக்கிறது, மெத்தென்று, சோம்பு போடாமல், நிச்சயமாக. என்னிடம் இத்தனை சனிக்கிழமைகள் இருந்தும் ஒன்றுமில்லை.

இல்லை, இன்னொன்று இருக்கிறது, அதை எதற்கு ஒளித்துவைக்கிறேன். அந்த இளஞ்சிவப்பு. ரோஸே. எனக்கு அதைக் கண்டால் ஆகாது, சிவப்பும் இல்லை வெள்ளையும் இல்லை, இரண்டுங்கெட்டான், கல்யாண வீட்டில் ஊற்றித் தருகிற ரோஸ்மில்க்குக்குச் சித்தப்பா மகன் என்றுதான் சொல்வேன். யாரோ மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் கொடுத்தார்கள் என்று ஒரு மழை நாளில் அதைத் திறந்தேன், வேறு எதுவும் வீட்டில் இல்லை. ஊற்றினதும் சபா குடிக்கவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போனான். கிளாஸை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், மழை பெய்து முடித்திருந்த நேரம், மேற்கே கொஞ்சம் வெயில். "லிங்கம், இந்தக் கலரை நான் கலக்கிப் பாத்திருக்கேண்டா, வந்ததே இல்ல" என்றான். வைத்தியலிங்கம் என்ற என் பெயரை லிங்கம் என்று கூப்பிடுகிறவர்கள் இப்போது யாரும் இல்லை. நான் என்ன சொன்னேன்? கலரைக் குடிக்கவா முடியும், உக்காந்து குடி என்றேன். நகைச்சுவையாகத்தான் சொன்னேன். அந்த நேரம் பார்த்துக் கீழே போன் அடித்தது, மகள் கோயம்புத்தூரிலிருந்து, இறங்கிப் போனேன், பேரனின் காய்ச்சல் பற்றி நீளமாகப் பேசினேன், திரும்பி மாடி ஏறி வந்தால் சபாவின் கிளாஸ் காலி. என் கிளாஸில் அப்படியே இருக்கிறது, அவனுடையது காலி. ஒரே மூச்சில் குடித்திருக்கிறான், வழக்கமாக ஒரு கிளாஸை மூன்று மணி நேரம் தடவுகிறவன். பிடித்திருக்கிறது, இல்லாவிட்டால் ஏன் அவ்வளவு வேகமாக? ஆனால் ஜன்னல் திறந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே சன்ஷேடு, அதில் மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு கிளாஸைக் கவிழ்த்தால் யாருக்கும் தெரியாது. கவிழ்த்திருப்பானா? அப்படியானால் மற்றச் சனிக்கிழமைகளில்? நான் கழிவறைக்குப் போன நேரங்களில், ஐஸ் எடுக்கப் போன நேரங்களில்? சன்ஷேடு முழுக்க என் நடுத்தட்டு ஒயின்கள் வழிந்துகொண்டிருந்தனவா? சீ, அவன் அப்படிச் செய்கிறவன் இல்லை, சாப்பாட்டை வீணாக்கினால் அவனுக்கு ஆகாது, குடித்துத்தான் இருப்பான். குடித்தான் என்றால் பிடித்துக் குடித்தானா, மருந்து மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு முடித்துவிட்டானா? காலி கிளாஸ் ஒன்றும் சொல்லாது. நான் பார்த்தேன், இன்னொன்று ஊற்றட்டுமா என்று கூடக் கேட்காமல், சரி அடுத்த வாரம் நல்ல சிவப்பா ஒண்ணு பாக்கலாம் என்றேன். அவன் "சரிடா" என்றான்.

நான் செத்தால் யாருக்கும் இந்தத் தொல்லை இல்லை. நாசிக் ஷிராஸ், கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்தது, மட்டன் சுக்கா. ஊருக்கே தெரியும், அந்துவானுக்குத் தெரியும், தெருமுனை இஸ்திரிக்காரனுக்குக்கூடத் தெரிந்திருக்கும். எப்போதோ ஒருநாள், இதே மாதிரி வெயிலில், சாப்பிட்டுப் படுத்து நானும் எழுந்திருக்கப் போவதில்லை, இப்போதெல்லாம் மத்தியானம் படுக்கவே பயமாக இருக்கிறது, நாற்காலியிலேயே தலையைச் சாய்த்துக்கொள்கிறேன், கழுத்து பிடித்துக்கொள்கிறது. ஆனால் என் படையலில் எது இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது, அவ்வளவு பேசியிருக்கிறேன். பேசினதில் இன்னொருத்தனுக்கு இடமே வைக்கவில்லை. இந்த மாசம் முழுக்க ஒரு பாட்டில்கூடத் திறக்கவில்லை நான், திறந்து என்ன, அபிப்பிராயம் தொண்டை வரை வரும், எதிர் நாற்காலி காலியாக இருக்கும். அப்போது தெரிகிறது, எனக்கு ஒயின் கூட அவ்வளவு முக்கியம் இல்லை போல. அவன் உட்கார்ந்திருந்தது முக்கியம். இதை அவனிடம் சொல்லியிருக்கலாம், மெர்லோ பற்றிச் சொன்ன நேரத்தில். "அந்துவான், அந்த ரோஸே இருக்கா?" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "ரோஸேவா? நீங்களா சார்?" எனக்கு இல்லப்பா என்றேன். ஃபிரிட்ஜிலிருந்தே எடுத்தான், வேர்த்துப்போயிருந்தது பாட்டில், இந்தக் கடை ஒயின்களில் இது ஒன்றுதான் நிறமில்லாத கண்ணாடி, உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது. பேப்பரில் சுற்றி, அதற்குமேல் ஒரு பிளாஸ்டிக் பையில் ஐஸ் போட்டுக் கொடுத்தான். சரியா தப்பா என்று எனக்கு இன்னும் தெரியாது.

கோமதியின் பகோடாவை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் முத்தியால்பேட்டைக்குப் போவதற்குள் ஐஸ் பாதி கரைந்து வேட்டியை நனைத்துவிட்டது. ஆட்டோ சிக்னலில் நிற்கிறது, ஊர்வலம் ஏதோ போகிறது, வெயில் சாய்ந்து நேராக மடியில் அடிக்கிறது, சூடான ரோஸேயைவிடக் கேவலமான பொருள் உலகத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டு பாட்டிலைத் துண்டால் போர்த்திக் குழந்தையை அணைத்துக்கொள்வது மாதிரி அணைத்துக்கொண்டேன். ஆட்டோக்காரன் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். சபாவின் வீட்டு முன்னறையில் எல்லாம் தயாராக இருந்தது. போட்டோவுக்கு மாலை, குத்துவிளக்கு, நுனி வாழையிலை, புது வேட்டி சட்டை, இலை நிறையப் பதார்த்தம். போட்டோவில் அவன் என்னைப் பார்க்கவில்லை, போட்டோகிராபரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மங்கை வாடிப்போயிருந்தாள், ஆனாலும் ஓடிக்கொண்டே இருந்தாள், சபாவின் அக்கா தையல்நாயகி சிதம்பரத்திலிருந்து வந்து சமையலை ஒரு கையாகப் பார்த்திருக்கிறாள், எதையும் உப்புப் பார்க்காமல், படையலுக்கு ஆக்குவதை ஆக்குகிறவர்கள் நாக்கில் வைக்கக் கூடாது. பகோடாவை வாங்கி இலையில் வைத்துவிட்டு மங்கை ஒரு எவர்சில்வர் டம்ளரை நீட்டினாள். "கண்ணாடி டம்ளர் இருக்காம்மா? அவன் கலரைப் பாப்பான்" என்றேன். அவள் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கொண்டுவந்தாள். நான் இலைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, முட்டி முனக, மூடியைத் திருகித் திறந்து, கொஞ்சமாக ஊற்றி, ஒரு சுற்றுச் சுற்றி, மூக்கருகே கொண்டுபோய், ஒரு வாய் குடித்தேன்.

"ஐயையோ, என்ன தம்பி இது!" தையல்நாயகி அக்காதான் கத்தினாள். "எச்சில் பண்ணிட்டியே! செத்தவனுக்கு வைக்கறதை நீ குடிச்சுட்டு வைப்பியா?" டம்ளர் என் கையில், வாயில் அந்த ஒரு மடக்கு, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. பாட்டிலைத் திறந்தவன் முதலில் ருசி பார்க்க வேண்டும், கெட்டுப்போயிருந்தால் விருந்தாளிக்கு ஊற்றக் கூடாது, அது மரியாதை, ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் செய்வது, கை தானாகச் செய்துவிட்டது, இதை எப்படி இவர்களிடம் சொல்வது. விழுங்கினேன். காது எரிந்தது. "தெரியாமப் பண்ணிட்டேன்க்கா" என்றேன். எலையை மாத்து, விளக்கை மறுபடி ஏத்தணும் என்று அக்கா எழுந்துவிட்டாள். மங்கை அவள் கையைப் பிடித்தாள். "வேணாம் அண்ணி. அப்படியே இருக்கட்டும்." அக்கா ஏதோ சொல்ல வந்தாள். "இவங்க குடிச்சுப் பாத்துக் குடுத்தாத்தான் அவரு குடிப்பாரு. வேற மாதிரி குடுத்தா அவருக்குத் தெரியாது" என்றாள் மங்கை, குரல் நடுங்காமல், என்னைப் பார்க்காமல். அக்கா முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தாள். நான் டம்ளரை நிரப்பினேன். இலையில் இரண்டு சொட்டு சிந்தியது. போட்டோவுக்கு முன்னால், விளக்குக்குப் பக்கத்தில் வைத்தேன், சுடர் டம்ளருக்குள் விழுந்தது. நான் அதுவரை அந்த நிறத்தை ஒழுங்காகப் பார்த்ததில்லை.

கற்பூரம் காட்டினார்கள், விழுந்து கும்பிட்டார்கள். எல்லோரும் வெளியே வாங்க, கதவைச் சாத்தணும் என்றாள் அக்கா, சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் விட வேண்டும், அவன் வந்து சாப்பிட்டுப் போவான், அப்புறம் கதவைத் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். ஒவ்வொருவராக வாசலுக்குப் போனார்கள். நான் கடைசி, தரையிலிருந்து எழுந்திருக்க நேரமாகிவிட்டது. வாயில் இன்னும் அந்த மடக்கின் ருசி, அபிப்பிராயம் எல்லாம் வழக்கம்போல வரிசையில் வந்து நின்றுவிட்டன, கொஞ்சம் சூடேறிவிட்டது, முன்னால் பழ வாசனை, பின்னால் லேசாக ஒரு கசப்பு, இந்த விலைக்குப் பரவாயில்லை, நான் நினைத்த அளவு மோசமில்லை, இத்தனை வருஷம் திட்டினது தப்புதான். போட்டோவைப் பார்த்தேன். "எப்படிடா இருக்கு?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. வெளியே வந்ததும் அக்கா கதவை இழுத்துச் சாத்தினாள். வாசலில் பத்துப் பதினைந்து பேர், செருப்புகளுக்கு நடுவே, யாரும் பேசவில்லை, தெருவில் ஒரு பைக் போனது, மங்கை என் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றாள். எனக்கு அந்த அமைதி தாங்கவில்லை. அவளிடம் குனிந்து, "கொஞ்சம் சூடாயிடுச்சும்மா, ஐஸ் கரைஞ்சுபோச்சு, இந்த வகை ஒயினை நல்லா சில்லுன்னு வச்சுத்தான்" என்று ஆரம்பித்தேன். மங்கை உதட்டில் விரலை வைத்தாள். "பேசாதீங்கண்ணா" என்றாள் ரகசியமாக. "அவரு இப்பதான் குடிக்கிறாரு." நான் வாயை மூடிக்கொண்டேன். அழுகை வந்தது. கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.